துருவைத் துடைக்காதே

டோக்கியோவிலிருந்து ‘டோக்கென் பிஜுட்சு’ என்றொரு மாத இதழ் வருகிறது. ஜப்பானிய வாள்களைப் பாதுகாப்பதற்காக 1948இல் தொடங்கப்பட்ட சங்கத்தின் இதழ் அது. அதில் ஒரு போட்டி உண்டு. ஒரு வாளின் நீளம், வளைவு, இரும்பில் தெரியும் இழை, கூர் ஓரமாக ஓடும் வெண்கோட்டின் போக்கு எல்லாவற்றையும் எழுதி, அந்த வாளைத் தாளில் படியெடுத்த உருவையும் அச்சிட்டிருப்பார்கள். செய்த கொல்லனின் பெயர் மட்டும் இருக்காது. வாசகர்கள் அஞ்சலட்டையில் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். விடை அடுத்து வரும் இதழில்.

வாளைத் தொடாமல், நேரில் பார்க்காமல், தாளை மட்டும் வைத்துக்கொண்டு எழுநூறு வருடங்களுக்கு முந்தைய ஒரு கொல்லனின் கைவாகை அடையாளம் சொல்வது. எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் ஒரே மாதத்தில் ஒரே வாளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வாள் ஒருவரிடம் பெட்டிக்குள் இருக்கிறது. வாளைப் பற்றிய அறிவு தபாலில் போய் வருகிறது.

இதைப் படித்த நாளிலிருந்து சங்க இதழ்கள், செய்திமடல்கள், சுற்றறிக்கைகள் ஆகியவற்றின் மேல் எனக்கிருந்த அலட்சியம் போய்விட்டது.

*

1945இல் ஜப்பான் சரணடைந்தபோது வாள்கள் எல்லாம் ஆயுதங்கள், ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒப்படைத்தார்கள். கோயில் வாள், குடும்ப வாள், தொழிற்சாலையில் அடித்த ராணுவ வாள் என்ற பேதமெல்லாம் முதலில் இல்லை. கடலில் கொட்டியவை உண்டு, உருக்கியவை உண்டு, படைவீரர்கள் நினைவுப் பொருளாக வீட்டுக்குக் கொண்டுபோனவை ஏராளம். ஹோஞ்ஜோ மசமுனே என்ற புகழ்பெற்ற வாள் மெஜிரோ காவல் நிலையத்தில் கொடுக்கப்பட்டது. அதைப் பெற்றுக்கொண்டவர் என்று எழுதப்பட்ட பெயரில் ஒரு படைவீரரை யாராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை என்கிறார்கள். ரசீதில் பெயர் பிழையாகப் போனது, வாளும் போய்விட்டது.

ஹோம்மா ஜுஞ்ஜி, சாத்தோ கான்இச்சி போன்ற அறிஞர்கள் அமெரிக்க அதிகாரிகளிடம் போய், இவற்றில் கலைப்பொருள் எது, வெறும் ஆயுதம் எது என்று பிரித்துக் காட்டினார்கள். அவர்கள் பிரித்தவை பிழைத்தன. அடித்துப் பேசும் வலு தோற்ற நாட்டுக்கு இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணும் எழுதிவைத்த குறிப்பும்தான் அவர்களிடம் இருந்தன. சங்கம் அந்த நெருக்கடியில் பிறந்தது.

வெளிநாட்டுக்குப் போன வாள்கள் வேறொரு கதையைத் தொடங்கின. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அப்பா கொண்டுவந்த வாளை மகன் பரணிலிருந்து இறக்கிப் பார்க்கிறான். பிடியைக் கழற்றினால் உள்ளே கீறிய எழுத்து. வாசிக்கத் தெரியாது. சொல்லித்தர ஆளில்லை, ஆங்கிலத்தில் நல்ல புத்தகங்களும் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிரிட்டனில் 1964இல் ஒரு சங்கம் அமைந்தது. அமெரிக்காவிலும் அமைந்தன. ஒருவர் எழுத்தைப் படியெடுத்து அனுப்புவார், இன்னொருவர் வாசித்துச் சொல்வார், மூன்றாமவர் மறுப்பார். மறுப்பும் அடுத்த மடலில் அச்சாகும். தட்டச்சு செய்து, படிபெருக்கி, பின் அடித்து, தபால்தலை ஒட்டி அனுப்பிய அந்தத் தாள்கள்தாம் அவர்களுக்குப் பாடநூல்.

அந்தத் தலைமுறை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. வாளுக்கு விலை உண்டு, வாரிசுகள் விற்றுவிடுவார்கள். மடல்களுக்கு விலை இல்லை.

*

ஜப்பானிய வாளின் பிடிக்குள் செருகியிருக்கும் அடிப்பகுதியில்தான் கொல்லன் தன் பெயரைக் கீறுவான். அந்தப் பகுதியை மட்டும் சாணை பிடிக்கக் கூடாது, எண்ணெய் போட்டுத் தேய்க்கக் கூடாது. அங்கே படிந்த துருவின் நிறமும் தடிமனும்தான் வாளின் வயதைச் சொல்லும் சாட்சி. அமெரிக்காவுக்குப் போன எத்தனையோ வாள்களில், நல்லெண்ணத்தோடு யாரோ அந்தத் துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிட்டார்கள். வாள் அழகானது, வயது அழிந்தது.

மேல் பகுதிக்கு வேறு கெடுதி. ஒவ்வொரு முறை மெருகிடும்போதும் கொஞ்சம் இரும்பு தேய்ந்து போகிறது. தலைமுறைக்கு ஒருமுறை மெருகிட்டாலும் சில நூற்றாண்டுகளில் வாள் மெலிந்துவிடும். ஆகவே ஐம்பது வருடங்களுக்கு முந்தைய ஒரு செய்திமடலில் இருக்கும் படி, இன்றைய வாளில் இல்லாத ஒன்றைக் காட்டக்கூடும். மூலத்தைவிட நகல் பழைய நிலையைக் காட்டும் விந்தை அது.

நமக்கு இது புதிதில்லை. கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கிறோமே, அதே கதைதான். சுவரைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மையை ஒற்றி எடுக்கிறார்கள். வாளுக்கு மெல்லிய உலர்தாளை வைத்து மைக்கட்டியால் தேய்க்கிறார்கள். கூரின் வெண்கோட்டை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கையால் வரைகிறார்கள். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு நடந்த கோயில்களில் எழுத்தின் விளிம்பு மழுங்கிப்போன கல்வெட்டுகள் எத்தனையோ. அவற்றில் பலவற்றை இன்று நாம் வாசிப்பது கல்லிலிருந்து இல்லை, நூறு வருடங்களுக்கு முன் யாரோ எடுத்துவைத்த தாளிலிருந்து.

அந்தத் தாள்களும் ஊட்டிக்குப் போய், 1966இல் மைசூருக்குப் போய், நெடுங்காலம் அங்கேயே இருந்தன. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி 2021இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

*

விழுப்புரத்தை அடுத்த எங்கள் திருவாமாத்தூர் கோயிலில் சுவாமி ஒரு பக்கமும் அம்மன் சாலைக்கு மறுபக்கமுமாக எதிரெதிரே இருக்கிறார்கள். அபிராமேசுவரர், முத்தாம்பிகை. தேவார மூவரும் பாடிய தலம். சுவரெங்கும் எழுத்து.

அந்த எழுத்துகளில் ஒன்று சோழர் காலத்தது. கோயிலில் திருப்பதியம் பாடப் பார்வையற்றவர்கள் பதினாறு பேரை நியமித்து, அவர்களுக்குக் கண்காட்டுவதற்கு இரண்டு பேரையும் சேர்த்து நிவந்தம் கொடுத்திருக்கிறார்கள். கல்லில் பொறித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, கல் போதாது என்று. ஏட்டைப் பார்க்க முடியாதவர்களின் நினைவில் பதிகம் இருந்தால் ஏடு செல்லரித்தாலும் பாட்டு போகாது. காப்பது என்பதை அவர்கள் தினமும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிக்கொண்டிருப்பது என்றே எடுத்துக்கொண்டார்கள். பூட்டி வைப்பதாக நினைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது அந்த இரண்டு பேர். பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, வழி காட்டினால் போதும். அதற்கும் நெல் அளந்திருக்கிறார்கள்.

(இதே ஊரைப் பற்றிக் கலம்பகம் பாடிய இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவரால் நடக்க முடியாது. கோயிலுக்கும் பம்பை ஆற்றுக்கும் திசையை மாற்றிப் பாடிவிட்டார்கள், ஊரார் சிரித்தார்கள், இரவோடு இரவாக வெள்ளம் வந்து ஆறே இடம் மாறியது என்பது ஊர்க்கதை. அச்சுப்பிழைக்கு இப்படியொரு திருத்தம் எந்தப் பத்திரிகைக்கும் வாய்த்ததில்லை.)

*

தஞ்சாவூர். காக்கும் விஷயத்தில் நம்முடைய பெரிய இழப்பு அங்கேதான்.

1855இல் மராத்திய மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனி ராஜ்யத்தை எடுத்துக்கொண்டது. அரண்மனைப் பொருள்கள் அரசுக்கா, குடும்பத்துக்கா என்று ராணி காமாட்சிபாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1859இல் அவருக்கு எதிராக முடிந்தது. அரண்மனையில் இரண்டு பெரிய சேர்மானங்கள் இருந்தன. ஒன்று புத்தகசாலை, மற்றது ஆயுதசாலை. சரஸ்வதி பூஜையும் ஆயுத பூஜையும் ஒரே நாளில் வரும் நாடு இது, ஏட்டுக்கும் கத்திக்கும் ஒரே தட்டிலிருந்து சந்தனம் வைக்கிறோம். அந்த அரண்மனையிலும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

இரண்டும் போன வழி வேறு.

ஆயுதங்கள் திருச்சிக்கு வண்டிகளில் போயின. நாயக்கர் காலத்துக் கட்டாரிகள், கைக்கவசத்தோடு சேர்த்துச் செய்த பட்டா வாள்கள், யானை அங்குசங்கள், மராத்திய காலத்தில் ஐரோப்பிய அலகுகளைப் பொருத்திக்கொண்ட கத்திகள் எல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தன. சென்னை அருங்காட்சியகத்துக்கு ஒரு பகுதியைப் பொறுக்கி எடுத்தார்கள். அவற்றை இன்றும் எழும்பூரில் பார்க்கலாம். மிச்சத்தை உடைத்துப் பழைய இரும்பாக்கினார்கள்.

இது நமக்கு எப்படித் தெரியும்? வால்ஹவுஸ் என்ற நீதிபதி அந்தக் குவியலைப் பார்த்திருந்தார். 1878இல் ‘இந்தியன் ஆன்டிக்குவரி’ என்ற பத்திரிகையில் பழைய தஞ்சை ஆயுதசாலை என்று சில பக்கங்கள் எழுதினார். பம்பாயிலிருந்து 1872 முதல் ஜேம்ஸ் பர்ஜெஸ் நடத்திவந்த பத்திரிகை அது. கலெக்டர்கள், பாதிரிமார்கள், பண்டிதர்கள் ஆகியோர் தாங்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதிப் போட்ட இடம். சந்தா கட்டியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் வந்த அந்தச் சில பக்கங்கள் இல்லையென்றால், தஞ்சையில் என்ன இருந்தது, எப்படி அழிந்தது என்பதில் பெரும்பங்கு நமக்குத் தெரியாமலே போயிருக்கும். இன்று நியூயார்க்கிலோ லண்டனிலோ ஓர் அருங்காட்சியகம் ஒரு கட்டாரிக்கு ‘தஞ்சாவூர்’ என்று சீட்டு எழுதும்போது, வால்ஹவுஸின் பக்கங்களும் பக்கத்தில் திறந்திருக்கும். ராபர்ட் எல்குட் தென்னிந்திய ஆயுதங்களைப் பற்றி 2004இல் எழுதிய புத்தகமும் அவரிடம் கடன்பட்டதுதான்.

புத்தகசாலை பிழைத்தது. அதற்குக் காரணங்கள் பல. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது ஒன்று: அதற்குப் பட்டியல் இருந்தது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல், அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளை வகைப்படுத்தி அட்டவணை தயாரித்தார். 1880இல் அது அச்சில் முழுமையாக வந்தது. ஒரு சுவடி இன்ன எண்ணில், இன்ன பெயரில் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டால், அதை எடைக்குப் போடுவது கடினம். கேள்வி கேட்க ஆள் வந்துவிடுகிறது. 1918இல் சரஸ்வதி மகால் பொதுமக்களுக்கானது. பிறகு தனக்கென்று ஒரு பத்திரிகையும் நடத்தியது.

ஆயுதங்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் பட்டியல் வெளியில் இல்லை. பெயரில்லாத வாள் கனமான இரும்பு, அவ்வளவுதான்.

ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஆயுதங்களுக்கு ஒரு கலைக்களஞ்சியம் எழுதி 1934இல் வெளியிட்டார். ஆங்கில அகரவரிசையில் ஜப்பானின் கத்தானாவும் நம் கட்டாரியும் அதில் கிட்டக் கிட்ட வருகின்றன. அடுத்த வருடம் அவர் இறந்தபோது சேகரிப்பு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குப் போனது. அதில் தஞ்சைக் கட்டாரிகளும் உண்டு. கொடுத்துவிட்டுப் போனவருக்கு என் வணக்கம். கொள்ளையா, வாங்கியதா என்ற கேள்வியை நான் விடவில்லை. ஆனாலும் உடைத்து உருக்கியவர்களையும் எண்போட்டு வைத்தவரையும் ஒரே தராசில் நிறுத்த மனம் ஒப்பவில்லை.

*

வாளுக்கு முன்னால் இரும்பு.

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் மேல்சிறுவளூர் என்று ஓர் ஊர். விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1993இல். அதற்கு அடுத்த வருடம் ஆராய்ச்சியாளர் சாரதா ஸ்ரீநிவாசன் அந்த ஊரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். உடைந்த மூசைத் துண்டுகளும் கண்ணாடிபோல் உறைந்த கசடும் கிடக்கும் மேடு அது, உலகம் தேடிவந்து வாங்கிய தென்னிந்திய உருக்கு இங்கே காய்ச்சப்பட்டிருக்கிறது என்பதே செய்தி. மேலை நாட்டு அறிவியலாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்ட உருக்கு. டமாஸ்கஸ் வாள் என்று பெயர் வாங்கியவற்றுக்கு மூலப்பொருள்.

அந்தக் கட்டுரை வெளியானது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் தொல்லியல் துறையில் முதுநிலை மாணவர்கள் நடத்திய ஒரு சிறு பத்திரிகையில். நம் பக்கத்து ஊர் உலையைப் பற்றிய செய்தி முதலில் அங்கேதான் அச்சானது. அந்த மாணவர்கள் படித்து முடித்துப் போனதும் பழைய இதழ்களைக் கழித்துப் போட்டிருந்தால்? போடவில்லை. இப்போது யார் வேண்டுமானாலும் பணம் கட்டாமல் படிக்கலாம்.

*

பெரிய பத்திரிகைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். கவலை சின்னவற்றைப் பற்றி.

சிறிய சங்கத்தின் மடலில் மட்டும் இருக்கும் சங்கதிகள் சில உண்டு. முடிவாகாத சந்தேகம் புத்தகத்தில் ஏறாது, மடலில் ஏறும். அடுத்த மாதமே வரும் திருத்தம் ஏறும். இன்ன கூட்டத்துக்கு இன்னார் இன்ன பொருளைக் கொண்டுவந்து காட்டினார் என்ற ஒற்றை வரி ஏறும். அந்தப் பொருள் பிறகு கைமாறிக் காணாமல் போயிருந்தால், அது எங்கே இருந்தது என்பதற்கு அந்த வரிதான் ஆதாரம்.

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் பறவை பார்ப்பவர்களின் மடல். ஸஃபர் ஃபதேஅலி 1960 வாக்கில் பம்பாயிலிருந்து படிபெருக்கி அனுப்பத் தொடங்கியது. ஆசிரியர், எஸ்டேட் மேலாளர், பணி ஓய்வு பெற்றவர் எல்லோரும் தங்கள் ஊர்க் குளத்தில் பார்த்ததை எழுதினார்கள். அன்றைக்கு அது பொழுதுபோக்கு. இன்று ஒரு பறவை எந்த ஊரில் இருந்தது, எங்கே இல்லாமல் போனது என்று பார்க்க ஆராய்ச்சியாளர்கள் அந்த இதழ்களைப் புரட்டுகிறார்கள். அவை இணையத்தில் கிடைக்கின்றன.

நம்மிடம் ‘ஆவணம்’ இருக்கிறது. தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் கொண்டுவரும் இதழ். துறைசார்ந்தவர்கள் மட்டுமா எழுதினார்கள்? பள்ளி ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் விடுமுறை நாளில் வயல்வரப்பில் கண்டெடுத்த கல்வெட்டையும் நடுகல்லையும் வாசித்து அதில் போட்டிருக்கிறார்கள். கையில் வாளும் வில்லுமாக நிற்கும் வீரர்களின் கற்கள் செங்கம் பக்கம் ஏராளமாகக் கிடைத்து, 1970களின் தொடக்கத்தில் தொல்லியல் துறை புத்தகமாகவே போட்டது. அதற்குப் பிறகு கிடைத்த ஒன்றிரண்டு ஒன்றிரண்டெல்லாம் இப்படிப்பட்ட இதழ்களில்தான் பதிவாகியிருக்கின்றன. சாலை போடும்போது கல் போய்விட்டால், மிச்சம் அந்தப் பக்கம்.

*

மண்டகப்பட்டுக்குத் திருவாமாத்தூரிலிருந்து போவது சுலபம், செஞ்சி சாலையில் போய்த் திரும்ப வேண்டும். மகேந்திரவர்மன் அங்கே பாறையில் எழுதிவைத்திருக்கிறான்: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலைச் செய்தேன் என்று. அழியக்கூடியது எதுவும் வேண்டாம் என்ற முடிவு. ஆயிரத்து நானூறு வருடங்களாக நிற்கிறது. ராஜாவுக்கு அது சரி.

நமக்கு வாய்த்தது தாள். அதிலும் சங்க மடல்களுக்கு வாய்த்தது மலிவான தாள். அதில் அமிலம் உண்டு, தானாகவே பழுப்பேறி ஒடியும். ஸ்டென்சிலில் எடுத்த எழுத்து தாளின் பின்பக்கம் எண்ணெய்போல் ஊறும். ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளைத் தின்னும். (வாளில் துரு சாட்சி, தாளில் துரு சத்துரு. இதை மட்டும் கழற்றிவிட வேண்டும், பிடுங்கக் கூடாது, பின்னின் கால்களை நிமிர்த்தி மெல்ல உருவ வேண்டும்.) ராமபாணப் பூச்சி பசை இருக்கும் இடமாகப் பார்த்துத் தின்னும். கரையானுக்குப் பேதமே கிடையாது. இவற்றையெல்லாம் தாண்டியதற்கு மழை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை. அதற்கடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் தண்ணீர் புகுந்தது. ரேஷன் கார்டையும் பட்டாவையும் காயவைத்தவர்களைப் பார்த்தோம். பழைய சங்க இதழ்களைக் காயவைத்தவர் யாரையும் நான் பார்க்கவில்லை. நனைந்தது குப்பைக்குப் போனது. குறை சொல்வதற்கில்லை, அந்த வாரத்தில் அரிசி முக்கியம்.

அதனால்தான் ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பது ஆபத்து. எவ்வளவு நல்ல பீரோவாக இருந்தாலும் சரி.

*

வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் திருநெல்வேலியில் 1839இல் பிறந்து, ஊர் ஊராக அலைந்து, கடைசியில் திருவாமாத்தூரில் கௌமார மடம் வைத்து, 1898இல் இங்கேயே சமாதியானவர். ஒரு லட்சம் பாடல் என்பது மரபாகச் சொல்லும் கணக்கு. நமக்கு வந்து சேர்ந்தது முழுவதும் இல்லை. தனக்கு முந்தைய புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி ‘புலவர் புராணம்’ பாடினார், தன் வரலாற்றையும் செய்யுளாகவே எழுதிவைத்தார். அவர் எழுதியவை கோயம்புத்தூர் சின்னவேடம்பட்டியில் உள்ள சிரவை கௌமார மடாலயத்தின் முயற்சியால் பெருமளவு அச்சேறின.

பாடியவர் ஒருவர், இத்தனை காலம் காத்தவர்கள் பலர், அச்சிட்டது இன்னோர் ஊர். சமாதி இருக்கும் இடத்திலேயே எல்லாம் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் எத்தனை பாடல் மிஞ்சியிருக்குமோ. எழுத்து நிலைக்க வேண்டுமானால் அது பிறந்த வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

*

சேர்ப்பவர்களின் மனசு எனக்குப் புரியாமல் இல்லை. கொடுத்த புத்தகம் திரும்பாது என்பது எல்லோருக்கும் கிடைத்த அனுபவம். அட்டையைக் கிழித்துத் தருவார்கள், டீ கிளாஸ் வைத்த வட்டத்தோடு தருவார்கள். அதனால் பூட்டு. பூட்டுக்குள் இருக்கிறது என்பதே வெளியில் தெரியாமல் போகிறது. உரியவர் கண்ணை மூடியதும் பழைய பேப்பர் கடை.

கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் குப்பை என்றதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபோது அத்தனையும் சிதறியிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, நல்லவேளையாகச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. ஈழத்தில் 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அந்தத் தீயின் நினைவோடு 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம், பள்ளி மலர், கோயில் மலர், தொழிற்சங்கச் செய்திமடல், இறந்தவர் நினைவு மலர் என்று எதையும் சின்னது என்று ஒதுக்காமல் படமெடுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. எரிந்த சமூகத்துக்குத்தான் ஒரு துண்டுத்தாளின் விலை தெரிகிறது. நமக்கு எரியவில்லை, எடைக்குப் போகிறது.

*

கொடுப்பதிலும் யோசிக்க வேண்டியது உண்டு. சங்க மடல்களின் கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் பெயரும் வீட்டு முகவரியும் இருக்கும். வாள் சேர்ப்பவர் முகவரியை ஊருக்குச் சொல்வது திருடனுக்கு வழி சொல்வது. நாணயச் சங்கத்துக்கும் அதே கதை. பொதுவில் வைக்கும் பிரதியில் அந்தப் பக்கத்தை மறைத்துவிட்டு, நூலகத்துக்குக் கொடுக்கும் பிரதியில் விட்டுவைக்கலாம். சங்கம் உயிரோடு இருந்தால் அனுமதி கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்கள், தங்களிடமே பாதி இதழ் இருக்காது.

மற்றபடி எதையும் திருத்தக் கூடாது. விளம்பரத்தை வெட்டக் கூடாது, ஓரத்தில் யாரோ பேனாவில் எழுதியதை அழிக்கக் கூடாது, அச்சுப்பிழையைச் சரிபண்ணித் திரும்பத் தட்டச்சு செய்துவிட்டு மூலத்தைத் தூக்கிப்போடக் கூடாது. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம். இரண்டுமே தாளைக் காக்கவென்று ஒட்டித் தாளைக் கொல்லும் வேலைகள். அட்டைமுதல் அட்டைவரை, வெற்றுப் பக்கம் உட்பட, வரிசையாகப் படமெடுக்க வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது சங்கம், வருடம், இதழ் எண் மூன்றும் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாத ஆயிரம் படங்கள் திருச்சியில் கிடந்த குவியலுக்குச் சமம்.

*

ஏதோ ஒரு சங்கத்தில் நீங்களோ உங்கள் வீட்டுப் பெரியவரோ இருந்திருப்பீர்கள். தபால்தலைச் சங்கம், நாணயச் சங்கம், சிலம்பக் கூடம், தமிழ் மன்றம், ஆசிரியர் கூட்டணி, ரயில்வே ஊழியர் சங்கம். அதன் மடல்கள் பரணில் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கலாம். தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்களிடம் இருக்கும் ஐந்தாவது இதழ்தான் வேறொருவர் தேடும் இதழ். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது, ஈழத்து வெளியீடு என்றால் நூலகம் நிறுவனம் இருக்கிறது. இத்தனையும் தூரம் என்றால் கைப்பேசியில் படமெடுத்து இரண்டு நண்பர்களுக்காவது அனுப்பிவையுங்கள். மார்கழி முடியும் நாளில் போகி வருகிறது, வீட்டில் பழையதைக் கழிப்பவர்கள் கேட்டுவிட்டுக் கழிப்பதில்லை. அதற்கு முன்னால் ஒருமுறை பரணில் ஏறிப் பாருங்கள்.